திருவிடந்தைக் கடைக்கு யார் முதலில் விலை சொல்வது?

சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். கடல் மேல் சத்தியம், கற்பூரம் வேண்டுமானாலும் ஏற்றுங்கள், அணைக்கிறேன். நிலத் தரகு என்பது, வாயால் பிழைக்கிறவன் மற்றவர்களின் வாயைக் கட்டிப்போடும் தொழில். இடம் வாங்க அலைந்து செருப்புத் தேய்ந்த அன்பர்களே, உங்கள் கால்வலி எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பூட்டு

தொண்ணூறுகளின் கடைசி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் பறக்க ஆரம்பித்திருந்த நேரம். திருவிடந்தையில் ரோட்டை ஒட்டி முனுசாமிக்கு இரண்டு கடைகள் இருந்தன. ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றதில் மேரி இட்லிக் கடை போட்டிருந்தாள். அவள் வீட்டுச் சோறே அந்த அடுப்பிலிருந்துதான். முனுசாமி விற்கப்போகிறார் என்றதும் மெட்ராஸ் பார்ட்டி ஒருவர் வந்து பார்த்தார். வாங்கினால் இடித்துவிட்டு ஓட்டல் கட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மேரியின் சாம்பாரில் உப்பு ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய.

நான் வேறொருவரைப் பிடித்தேன். சதாசிவம் சார், அணு ஆராய்ச்சி ஆபீஸில் உத்தியோகம். ரிட்டயர் ஆனபின் மாதாமாதம் வாடகை வரும்படி ஓர் இடம் தேடினார். மேரி கடை பெஞ்சிலேயே உட்கார வைத்து அவருக்குப் பாடம் எடுத்தேன். "எட்டு லட்சம் வரைக்கும் போகலாம்னு மனசுல வச்சிக்கங்க சார். ஆனா முதல்ல வாய் திறக்காதீங்க. முதல்ல விலை சொன்னவன் தோத்தான்." மறுநாள் அதே பெஞ்சில் முனுசாமிக்கும் அதே பாடம். "ஏழுக்குக் கீழ இறங்காத. ஆனா நீயா சொல்லாத, அவர் சொல்லட்டும்." டீ ஊற்றிக்கொண்டிருந்த மேரி இரண்டு நாளும் எல்லாவற்றையும் கேட்டாள். முனுசாமி போனதும் சொன்னாள்: "அண்ணாத்த, ரெண்டு வாயையும் நீயே பூட்டிகினியே, சாவிய எங்க வச்சிகீற?"

இளநீர்

பேச்சுவார்த்தை ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் தென்னை மரத்தடியில். இருவரும் உட்கார்ந்தார்கள். மழை பற்றிப் பேசினார்கள். கல்யாணம் கூடிவர வேண்டுமென்று வரன் தேடுகிறவர்கள் மாலையோடு ஊர்ப் பெருமாள் கோயிலைச் சுற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். நண்டு விலை பேசினார்கள், மீன் விலை பேசினார்கள். கடை விலை மட்டும் வரவில்லை. பேச்சு நின்றபோதெல்லாம் நான் ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். நாலு மரம் காலி. ஐந்தாவது மரம் பயந்துபோய்த் தானாகவே ஒரு காயைக் கீழே போட்டது. சத்தியம்.

வெயில் உச்சிக்கு வந்தது. முனுசாமி வானத்தைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி கீது சார்" என்றார். சதாசிவம் சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வரட்டும் முனுசாமி, அதுவாவது முதல்ல வரட்டும்."

துண்டு

நிலத் தரகுக்கு வருமுன் நான் மாட்டுத் தரகன். சந்தையில் யாரும் வாயால் விலை சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை நூறு ரூபாய்; இங்கே விரலுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாய்தானே திறக்கக் கூடாது, விரலுக்கு என்ன தடை? என் துண்டை இருவர் கை மேலும் போட்டேன்.

சதாசிவம் சாருக்குக் கூச்சம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முனுசாமி அவர் சுண்டுவிரலைத் தொட்டதும் சார் கிக்கிக்கென்று சிரிக்க ஆரம்பித்தார். மோதிர விரலுக்குப் போனபோது நாற்காலியோடு சாய்ந்தார். அவர் சிரித்த சிரிப்பில் கோவளத்துக் காக்காய்கள் முட்டுக்காடு வரை பறந்தன. முனுசாமி துண்டை உதறிவிட்டு எழுந்தார்: "இன்னா சார், என் இடம் உனக்கு சிரிப்பா கீதா? மெட்ராஸ்காரன் சாயங்காலம் கார்ல வர்றான், அவனுக்கே குட்த்துட்றேன்!"

ஏழரை

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்பது எது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் 'ஏழரை' என்று எவன் சொல்வான்? நல்ல காரியத்தில் அந்த வார்த்தையை எடுத்தால் சனீஸ்வரன் கூடவே வந்து பத்திர ஆபீசில் கையெழுத்துப் போடுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் "ஏ..." என்று தொடங்கி, இருமி விழுங்கிவிட்டேன். முனுசாமி ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார்.

மேரி சாம்பார்க் கரண்டியோடு வந்து நடுவில் நின்றாள். "ஏழரை லட்சம்" என்றாள், சட்னி கேட்கிற குரலில். முனுசாமி ஆகாயத்தைப் பார்த்தார். ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்த வார்த்தையைத் தான் சொல்லவில்லை என்கிற நிம்மதி இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் வந்தது. செருப்பிலிருந்து கால் வெளியே வந்தது. சதாசிவம் சார் வெற்றிலை பாக்கின் மேல் அட்வான்ஸை வைத்தார். முனுசாமி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயங்காலம் வந்த மெட்ராஸ்காரர் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அட்வான்ஸ் கை மாறியதுமே மேரி சதாசிவம் சாரிடம் கரண்டியை நீட்டிச் சொன்னாள்: "ஏழரைய நான் எம்மேல போட்டுகினேன் சார். அதுக்கு வாடகை இதே வாடகை, இட்லி குண்டான் இங்கயேதான் இருக்கும், இன்னா சொல்றீங்க?"

ஆக, என் தொழிலில் சுத்தமாக முடிந்த ஒரே பேரம் நான் இருமிய பேரம்தான். அதற்கும் இரண்டு பக்கமும் முழுக் கமிஷன் வாங்கியிருக்கிறேன் என்பதால், இதை யார் சொன்னது என்று எவராவது கேட்டால் மட்டும் தயவுசெய்து என் பேரைச் சொல்லிவிடாதீர்கள்.