கோயிலடிக்கு ஓடிய காலை

மொன்ட்ரியாலில் பனி முழங்கால் மட்டும் கிடந்த நாட்களில், மகள் எங்கள் இருவருக்கும் மெக்சிக்கோவுக்கு ரிக்கெற் போட்டாள். அதற்கு முந்தின மாரிக் குளிரில்தான் இவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள்.

"அப்பா வெயில்ல சும்மா இருக்கட்டும், அம்மா. நீங்கள் சமைக்கவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம்."

டொக்டரும் சம்மதித்தார். ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. நெஞ்சு பிடித்தால் நாக்குக்குக் கீழே உடனே ஒரு குளிசை வைக்க வேண்டும்.

வெளிக்கிட முதல், மொன்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றபோது கடைக்காரி கேட்டாள்: "என்னக்கா, இந்த வயசில ஹனிமூனோ?"

"ஓம். உமக்கென்ன எரிச்சல்?" என்றேன். பேச்சில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

மெக்சிக்கோவில் நாங்கள் போய் இறங்கியது மலைச்சரிவில் இருக்கிற ஒரு பழைய ஊர். கல் பதித்த தெரு, மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள், இறக்கத்தில் ஸ்பானியர் காலத்துத் தேவாலயம். எங்கள் அறை மேல்மாடியில். யன்னலைத் திறந்தால் தேவாலயக் கோபுரம் தெரியும். இவர் யன்னலடியில் கதிரை போட்டு நாள் முழுக்க வெயில் காய்ந்தார். நன்றாகச் சாப்பிட்டார். நான்தான் அவர் நித்திரை கொள்ளும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

ஒருநாள் விடிய, தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணி சுட வைத்துவிட்டு நிற்கிறேன். வெளியே சூ என்று ஒரு இரைச்சல், பிறகு பெரிய வெடி. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

இவர் துள்ளி எழும்பினார்.

"செல்லடி. வெளிக்கிடும்!"

"இஞ்சை என்ன செல்? நில்லுங்கோ பாப்பம்."

அடுத்தது வெடித்தது. எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே எனக்கும் மறந்துபோனது.

"கோயிலடிக்கு ஓடுவம். அதுதான் நல்ல கல்லுக்கட்டடம்" என்றார் இவர்.

ஊரிலும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் ஆமியின் செல்குண்டு விழத் தொடங்கினால் சைவம், வேதம் என்று சமயம் பார்க்காமல் எல்லோரும் கோயிலுக்குத்தான் ஓடுவோம். பாஸ்போட் வைத்த பையைத் தோளில் போட்டார். அதுவும் ஊர்ப் பழக்கம்தான்.

படியில் அவர் ஓடிய ஓட்டத்தைக் கண்டதும் செல் பயம் போய் வேறு பயம் பிடித்தது.

"ஓடாதேங்கோ! ஐயோ, டொக்டர் சொன்னவரெல்லே!"

நைற்றியோடு, வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். பல்கனிகளில் நின்ற சனம் எங்களைப் பார்த்தது. வேறு ஒருவரும் ஓடவில்லை. அதைக் கண்டும் எனக்கு விளங்கவில்லை.

தேவாலய முற்றம் முழுக்கச் சனம். பூமாலை, மேளம், மினுங்குகிற சட்டை போட்ட பிள்ளைகள். நடுவில் ஒரு மனுசன் வாயில் சுருட்டோடு நின்றான். ஈர்க்கு வாணமொன்றைக் கையில் பிடித்து, சுருட்டால் திரியில் நெருப்பு வைத்து மேலே விட்டான். எங்கள் தலைக்கு மேல் வெடித்தது. யாரோ புனிதருடைய திருநாள். நாங்கள் வெடிக்குப் பயந்து, வெடி கொளுத்துகிற இடத்துக்கே ஓடி வந்திருக்கிறோம்.

சிரிக்க வாய் திறந்தேன். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக் கல்வாங்கில் குந்திவிட்டார். முகம் சாம்பலாய்ப் போயிருந்தது.

பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பாஸ்போட் இருந்தது, ரிக்கெற் இருந்தது. குளிசை அறையில், கேத்திலுக்குப் பக்கத்தில்.

விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருப்பாரா? போகாமல் நின்றால்? பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசி எழும்பி வந்தாள். அவளுக்கு என் பாசை தெரியாது, எனக்கு அவள் பாசை தெரியாது. அவளுடைய கையைப் பிடித்து இழுத்து இவருடைய தோளில் வைத்தேன். தலையாட்டினாள்.

அந்த ஏற்றத்தில் ஓடினேன். ஒவ்வொரு வெடிக்கும், சரி, முடிந்தது என்று நினைத்தேன். கடவுளைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. குளிசைப் போத்திலை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கல்லில் சறுக்கிக் கால்விரல் கிழிந்தது. தெருவின் வளைவு தாண்டினால் கல்வாங்கு தெரியும். தாண்டப் பயமாய் இருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன். பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

இருந்தார். அந்த மனுசி தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்பிடி ஓடி வாறீர்? விழப்போறீர்" என்றார், ஈனக் குரலில்.

"கதையாதேங்கோ. வாயைத் திறவுங்கோ."

குளிசையை வைத்தேன். மெல்ல மெல்ல முகத்துக்கு இரத்தம் வந்தது.

"எழும்புங்கோ, அறைக்குப் போவம்."

"பொறும். கால் இன்னும் நடுங்குது. திருவிழா எண்டு எனக்குத் தெரியுது. உடம்புக்குத்தான் தெரியேல்லை."

சுருட்டுக்காரன் அடுத்த வாணத்தை எடுத்தான். இவருடைய தோள் இறுகியது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து தெருவில் இவர் கையைக்கூட நான் பிடித்ததில்லை. சனமெல்லாம் பார்க்க, இவருக்கு முன்னால் நின்று, இரண்டு காதையும் என் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தினேன். இவர் தட்டிவிடவில்லை. வாணம் மேலே போனது.