ஏகநாதன் சாத்திய கதவு

இரும்புலியூரில் ஏகநாதன் வீட்டுக்கு வாடகைக்குப் போக வேண்டுமென்றால் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, பொறுமை போதும். சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன, முன்பு குடியிருந்த வீட்டை ஏன் காலி செய்தீர்கள் என்று ஆரம்பித்து, அந்தப் பழைய வீட்டுக்காரருக்கே போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் சாவியைக் கண்ணில் காட்டுவார். சிறுசேரியில் மேனேஜராக இருந்த ஒருவர், “எங்க கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தப்பகூட இவ்வளவு கேக்கலை சார்” என்று நொந்துபோய்த் திரும்பினார். அதை ஏகநாதன் தனக்குக் கிடைத்த பட்டமாக எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவருடைய அப்பா காலத்தில் அந்த இடத்தில் நெல் விளைந்தது. இப்போது போர்ஷன் விளைகிறது. கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடையாது. வாசலில் கேமரா உண்டு. தண்ணீர் கேன் போடுகிறவன்கூட முகத்தை அண்ணாந்து அதற்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

“வயசுப் பொண்ணு கீது வூட்ல. போறவன் வர்றவனையெல்லாம் உள்ள உட்ற முடியுமா?”

அந்த வயசுப் பெண் தேவதர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குக் கணக்கு வரவில்லை. அம்மா அனுப்பிரியா போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, ஆன்லைன் டியூஷனில் சேர்த்துவிட்டாள். முதல் நாள் டேப்லெட் திரையில் தோன்றிய சார் சட்டைக்கு மேல் கோட் போட்டிருந்தார். இங்கிலீஷில் பேசினார். அவ்வளவுதான், ஏகநாதனின் விசாரணை முடிந்தது. எந்த ஊர் என்று கேட்கவில்லை, அப்பா பேர் கேட்கவில்லை, முன்பு எங்கே பாடம் நடத்தினார், ஏன் அங்கிருந்து காலி செய்தார் என்றும் கேட்கவில்லை. திரையில் ‘மேத்ஸ் மாஸ்டர்’ என்று எழுதியிருந்தது. அது போதாதா ஒரு மனிதனுக்கு?

“பேரண்ட்ஸ் டிஸ்டர்ப் பண்ணாம பாத்துக்கோங்க. கான்சென்ட்ரேஷன் போயிடும்” என்றார் சார்.

சார் வாக்கு வேதவாக்கு. சாயங்காலம் கிளாஸ் ஆரம்பித்தால் அந்த வீட்டில் குக்கர் விசிலடிக்காது, டிவி மூச்சு விடாது. “நீங்க பனியனோட குறுக்கும் நெடுக்கும் போகாதீங்க, சார் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?” என்று அனுப்பிரியா எச்சரித்து வைத்திருந்தாள். நைட்டியோடு கண்ணில் படக் கூடாது என்று அவளும் அடுப்படியிலேயே ஒடுங்கிக்கொள்வாள். ஏகநாதன் மகளின் அறைக் கதவைத் தன் கையாலேயே பூப்போலச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசிக்கொண்டே வருகிற குடித்தனக்காரர்களை உதட்டில் விரல் வைத்து விரட்டுவார். சும்மா சொல்லக் கூடாது, காவல் பலமான காவல். யாருக்குக் காவல் இருந்தோம் என்பதுதான் மனிதருக்குத் தெரியாமல் போயிற்று.

கொஞ்ச நாளில் கிளாஸ் நேரம் வந்தாலே தேவதர்ஷினிக்கு வயிறு வலித்தது.

“கணக்குன்னா எல்லாருக்கும் வயிறு வலிக்கத்தான் செய்யும். போய் உக்காரு” என்று அப்பா வைத்தியம் பார்த்தார்.

ஒரு நாள் கிளாஸ் பாதியில், மாடியில் குடியிருக்கும் சம்பந்தம் கத்தினார். “ஓனர் சார், டேங்க் ரொம்பி வழியுது!”

மோட்டார் சுவிட்ச் இருந்தது மகளின் அறையில். ஏகநாதனுக்குப் பெரிய தர்மசங்கடம். தண்ணீர் போனால் போகட்டும், சார் மரியாதை முக்கியம். கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்து, லுங்கிக்கு மேல் மாட்டிக் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கதவை மெல்லத் திறந்து, திரையை நோக்கிக் குனிந்து கும்பிட்டார்.

“வணக்கம் சார், மன்னிச்சுக்கோங்க, மோட்டாரு...”

திரை பட்டென்று அணைந்தது.

ஏகநாதன் பதறிப்போனார். “கண்ணு, சாரு கோச்சிக்கினாரா? சட்டை போட்டுகினுதானே வந்தேன்?”

தேவதர்ஷினி நிமிரவே இல்லை. “கோச்சிக்கலப்பா. பயந்துட்டாரு” என்றாள்.

பிறகு அழுகையும் பேச்சுமாக வந்தது. சார் அவளுடைய டேப்லெட் நம்பரை வாங்கியிருந்தார். சந்தேகம் கேட்கத்தான் என்றார். அப்புறம் படம் கேட்டார். சாதாரணப் படம்தானே என்று ஒன்று அனுப்பினாள். அடுத்து அவர் கேட்டவை சாதாரணப் படங்கள் இல்லை. அனுப்ப மாட்டேன் என்றதும், நீயாகத்தான் என்னிடம் பேச ஆரம்பித்தாய் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றார். தினமும் கிளாஸ் ஆரம்பித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, கதவு சாத்தியிருக்கிறதா என்பதுதான்.

மேலே தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை.

இந்த இடத்தில் ஏகநாதன் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த மகானுபாவர் டேப்லெட்டைப் பிடுங்கி, கையை ஓங்கினார். “உன்ன யாரு அவங்கிட்ட பேச சொன்னது?”

“நீதாம்பா சொன்ன. கதவ சாத்தினதும் நீதான்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை.

மறுநாள் காலை அந்த டியூஷன் கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் குழந்தையின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று ஒரு பெண் குரல் பாட்டுப் பாடி முடித்தது. அப்புறம் லைனில் ஒரு பையன் வந்தான்.

“டீச்சர் பேரு சொல்லுங்க சார்.”

வாடகைக்கு வந்தவனின் தாத்தா பேர்வரை தெரிந்த மனிதருக்கு, தன் மகளின் அறைக்குள் தினமும் வந்து போனவன் பேர் தெரியவில்லை. சிரமத்துக்கு வருந்தி, ஒரு வாரம் இலவச வகுப்பு தருவதாகப் பையன் சொன்னான். ஏகநாதன் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

அனுப்பிரியாவின் தம்பி பாலு கேள்விப்பட்டு ஓடி வந்தான். குடும்ப மானத்தைக் காப்பாற்றுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். “மாமா, போலீசு அது இதுன்னு போனா பொண்ணு பேருதான் நாறும். நாளைக்கு ஒரு எடத்துல பேசி முடிக்கணும்ல? டேப்ல இருக்கறத எல்லாம் அழிச்சிடுங்க. மேட்டர் ஓவர்.”

அழித்துவிட்டால் அவள் சொன்னதற்கு அத்தாட்சியும் அதோடு போய்விடும். இது பாலுவுக்குத் தெரியாமலா இருக்கும்? தேவதர்ஷினி அறை வாசலில் நின்று, அப்பாவின் கையிலிருந்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏகநாதனுக்கும் பாலு சொல்வது நியாயம்போலத்தான் பட்டது. மானம் என்றால் யாருக்குத்தான் பயமில்லை?

அந்த நேரம் பார்த்து வாசலில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வீடு கேட்டு வந்து நின்றது. ஏகநாதன் பழக்க தோஷத்தில், “சொந்த ஊரு எது?” என்று ஆரம்பித்தார். அந்தப் பையன் ஊர், கம்பெனி, அப்பா பேர் எல்லாம் மடமடவென்று ஒப்பித்தான். ஏகநாதனுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

“அப்பறம் வாப்பா” என்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். “பாலு, நீ கெளம்பு.”

“மாமா, நான் என்ன சொல்றேன்னா...”

“கெளம்புடா. அசிங்கம் பண்ணவன் எவனோ, என் பொண்ணு ஏன்டா வாய மூடிக்கினு இருக்கணும்?”

குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோ முதுகில் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். தனக்கும் அது தேவைப்படும் என்று எந்தத் தகப்பன் நினைக்கிறான்? போட்டார்.

மறுநாள் அவர்கள் தகவல் சொல்லி ஒரு பெண்மணி சாதாரணச் சேலையில் வந்து, தான் சப்-இன்ஸ்பெக்டர் நாகலக்ஷ்மி என்றார். வாக்குமூலத்துக்குக் குழந்தையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட மாட்டார்களாம், யூனிபார்மிலும் வர மாட்டார்களாம். ஏகநாதன் கேட்டை விட்டு நகரவில்லை.

“ஐடி கார்டு காட்டுங்கம்மா. எந்த ஸ்டேஷனு? பெரிய அதிகாரி நம்பரு குடுங்க.”

சூடு கண்ட பூனை. அனுப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். நாகலக்ஷ்மி முகம் சுளிக்காமல் கார்டைக் காட்டி, ஏகநாதன் ஸ்டேஷனுக்குப் போன் பேசி முடிக்கும்வரை வெயிலில் நின்றார். “எல்லா வீட்லயும் இப்படிக் கேட்டா எங்களுக்கு வேலை கம்மி சார்” என்றார். டேப்லெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லவேளை, அழிக்கலை” என்றார்.

பிறகு தேவதர்ஷினியின் அறையில் போய் உட்கார்ந்தார். அனுப்பிரியா மகள் பக்கத்தில் அமர்ந்தாள், ஏகநாதன் கதவோரமாக. மாடிப்படியில் சம்பந்தத்தின் காதுகள் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, நாகலக்ஷ்மி சொன்னார். “அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க சார்.”

ஏகநாதன் சட்டென்று எழுந்தார். கைக்குப் பழகிய வேலையாயிற்றே. பெரிய மனுஷி பேசுகிற இடத்தில் நாம் எதற்கு என்று வழக்கம்போல வெளியே போய் நின்று, பூப்போலக் கதவை இழுத்தார்.

“அப்பா” என்றாள் தேவதர்ஷினி.

கதவு பாதியில் நின்றது.

“உள்ள வந்து சாத்துப்பா.”