தேரைகள் தாங்களாகவே ஏறிய காலை

சண்டிலிப்பாயில் என்னைப்போலத் தேரை வளர்த்தவன் வேறொருவன் இல்லை. இதை நான் எங்கேயும் துணிந்து சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எனக்கு மா அரைக்கிற மில் இரண்டு ஓடுகிறது. ஒருவருடைய கையையும் பிடியாமல் ஏறி வந்தவன். அந்தக் கைராசி முதலில் தெரிந்தது சின்ன வயதில், ஒரு மாரிகாலத்தில்.

மிளகாய்க் கன்றுகளுக்குள் வெள்ளம் நின்றது. அதை வடியவிட அப்பா மண்வெட்டியோடு போனபோது, தண்ணீருக்குள் கறுப்பு மணி கோத்த மாலைபோல ஏதோ கிடக்கக் கண்டேன். தேரை முட்டை, வெள்ளம் வடிந்தால் காய்ந்துபோகும் என்று அப்பா கன்றுகளைப் பார்த்தபடியே சொன்னார். நான் அதை வாழையிலையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கிணற்றடியில் கிடந்த பழைய வாளியில் தண்ணீர் நிரப்பி முட்டைகளை அதற்குள் விட்டேன். சில நாளில் மணிகளுக்கு வால் முளைத்து வாளி முழுக்க நெளிந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, கீரையை அவித்து மசித்துப் போட்டாள். பசித்தால் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் என்று அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள். ஒரு குஞ்சும் சிந்தாமல் தகரப் பேணியால் பழைய தண்ணீரை மொள்ளுவாள். அப்படி ஒரு பொறுமையை நான் பிறகு எவரிடமும் காணவில்லை. வளர்த்தவன் நான், வேலை மட்டும் அவளுடையது.

குஞ்சுகளுக்குக் கால் முளைக்கத் தொடங்கிய கிழமை, பொடியன்கள் என்னைத் தேரையப்பா என்று பகிடி பண்ணினார்கள். சனிக்கிழமை விடியவே வந்து பாருங்கள், என் தேரைகள் தாமாகவே வாளியை விட்டு ஏறி நிற்கும் என்று சவால் விட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், நாலு காலும் முளைத்த குஞ்சுகள் சில செத்து மிதந்தன. அக்காதான் கண்டாள். இனி அவற்றுக்குத் தரை வேண்டும், ஏறிவர ஒரு பனைமட்டையைச் சரித்து வைப்போம் என்றாள்.

"வைக்கப்படாது. என்ரை தேரையள் தானாத்தான் ஏறும்."

"வாளி வழுக்குதடா தம்பி. எல்லாம் செத்துப்போடும்."

"ஏறும். நீ பேசாமல் இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள்.

விடிந்ததும் பொடியன்களோடு ஓடினேன். வாளித் தண்ணீரில் ஒன்றையும் காணவில்லை. துவைக்கிற கல்லில், வாழையடியில், புல்லில் எங்கும் புளியங்கொட்டை அளவுத் தேரைகள் தத்தித் திரிந்தன. பகிடி பண்ணியவர்கள் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். அடுப்பு மூட்ட வந்து குசினி வாசலில் நின்ற அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உன்ரை பிள்ளையள் கெட்டிக்காரர்தான்" என்றாள்.

"வளர்த்தது ஆர்?" என்றேன் நான்.

கிணற்றுக்கட்டோரம் ஒரு பனைமட்டை காலில் தட்டுப்பட்டது. எடுத்து வேலிப்பக்கம் எறிந்தேன். அதன் பாதி நனைந்திருந்தது. முந்தின இரவு மழை பெய்யவில்லை. ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பொடியன்களிடம் என் பெருமையைத் தொடர்ந்து சொன்னேன்.