இரண்டாம் அத்தியாயத்தில் எல்லாருக்கும் பொன்னாடை

நாற்பத்தேழு வயதில் முதுகலை படிக்கப் போகிறவளிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில் காப்பி குடிக்கும்போது அதைக் கேட்காதவர்கள் குறைவு. சம்பளம் கூடுமா, பதவி உயருமா, பல்கலைக்கழகத்தில் வேலை தருவார்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு காப்பி எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு வேலை பிறை என்ற ஊரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். வீடு கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜார்ஜ் டவுனில், அடுக்குமாடியில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு உற்பத்தி லைனில் உட்கார்ந்தவள் நான். பிறகு அந்தப் பெண்களை மேற்பார்க்கும் லைன் லீடர் ஆனேன். பகுதி நேரமாகப் படித்து ஒரு பட்டம் வாங்கினேன். இப்போது எனக்கென்று ஒரு மேசையும் சுழலும் நாற்காலியும் இருக்கின்றன. தொழிலாளர்கள் தங்கள் கண்ணில் பட்ட குறையை ஏன் மேலே சொல்வதில்லை என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்ற தைரியத்தில்தான் பதிவு செய்தேன்.

என் நெறியாளர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட ஒன்பது வயது இளையவர். நான் அவரை "டாக்டர்" என்பேன். அவர் என்னை "அக்கா" என்பார். அதனால் யார் யாரைத் திட்டலாம் என்பதில் எங்களுக்குள் எப்போதும் ஒரு குழப்பம் இருந்தது. அவர் திட்டுவதாக இருந்தால் முதலில் எனக்கு நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரேக், வாங்கிக் கொடுத்துவிடுவார். கிளாஸ் மேசைக்கு வந்ததுமே நான் நோட்டைத் திறந்துவிடுவேன்.

முதல் ஆண்டு முழுவதும் நான் படித்தேன். காலையில் கம்பெனி பஸ் பாலம் ஏறும்போது கட்டுரையை விரித்தால் பிறையில் இறங்கும்வரை கையில் மஞ்சள் மார்க்கர்தான். எல்லா வரியும் முக்கியமாகத்தான் பட்டது. ஒரு கட்டுரையில் பக்க எண்களைத் தவிர மற்றதெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அச்சில் வந்தவர்கள் தப்பாகவா சொல்லிவிடப் போகிறார்கள் என்ற எண்ணம் எனக்கு. இத்தனைக்கும் அச்சில் வந்த கறிக்குழம்புக் குறிப்பைக்கூட நான் நம்பியதில்லை.

அப்படிப் படித்ததைத்தான் இரண்டாம் அத்தியாயமாக எழுதினேன். இதுவரை மற்றவர்கள் செய்த ஆய்வுகளை அலசி, அவற்றில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று காட்ட வேண்டிய அத்தியாயம் அது. நான் அதை எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன். எங்கள் கோயிலின் பங்குத் திருவிழா மேடையில் பதினைந்து ஆண்டுகளாக வரவேற்புரை சொல்கிறவள் நான். நம் நாட்டு மேடைகளின் முறை தெரியுமல்லவா? டத்தோ பட்டம் வாங்கியவரில் தொடங்கி, சட்டமன்ற உறுப்பினர், தலைமையாசிரியர், சங்கத் தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர் என்று வரிசை குலையாமல் ஒவ்வொருவரையும் அழைத்து, ஒரு நல்ல வார்த்தை சொல்லி, பொன்னாடை போர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஓர் ஆண்டு நாற்காலி கொடுத்து உதவியவரை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு நாற்காலி வரவில்லை. அந்தப் பாடம் எனக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. அதனால் அத்தியாயத்திலும் யாரையும் விடவில்லை. மூத்தவர்கள் முதலில், ஆளுக்கொரு பத்தி. இவர் சிறப்பாக எடுத்துரைக்கிறார், அவர் ஆழமாக விளக்குகிறார், இன்னொருவர் அரிய கருத்தொன்றை முன்வைக்கிறார். எழுதி முடித்தபோது கைதட்டல் கேட்காததுதான் குறை.

ஒரு சனிக்கிழமை, டாக்டர் தம் அறையில் ஏர்கோன் பழுது என்று பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். நான் உட்காருவதற்குள் தே தாரேக் வந்துவிட்டது.

"அக்கா, இது சாப்டரா, பங்குத் திருவிழாவா?" என்றார். "எல்லாருக்கும் பொன்னாடை போத்தி உக்கார வச்சிட்டீங்க. இதுல ரெண்டு பேரு நேருக்கு நேர் எதிரா சொல்றாங்க, தெரியுமா?"

"தெரியல டாக்டர்."

"அவங்கள பக்கத்துப் பக்கத்து நாற்காலில உக்கார வச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் கடிதம் ஒன்றை எடுத்து வைத்தார். இந்த அத்தியாயம் திரும்பி வருவது இது இரண்டாவது முறை. ஏழு வாரத்தில் திருத்தி எழுதிக் குழுவின் முன் நான் வாதிட வேண்டும். தேறாவிட்டால் என் பதிவு ரத்தாகும். மூன்று ஆண்டுச் சனிக்கிழமைகள் அத்தோடு போச்சு. காப்பி குடிக்கும் கூட்டத்துக்கும் "எதுக்கு?" என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிடும்.

வீட்டுக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் நாளிதழை மடக்காமலே கேட்டார்.

"படிச்சவங்க எழுதினத நான் எப்படிங்க தப்புன்னு சொல்றது?" என்றேன்.

"ஏன் லா, நீ வேற யார விட்டு வச்ச?" என்றார். "காலைல பாசார்ல மீன்காரன் புது மீனுன்னு சொன்னான். கண்ணக் காட்டு, செவுளக் காட்டுன்னு அவன ஒரு வழி பண்ணிட்ட. ஃபாதர் பிரசங்கத்துல ரெண்டு தப்பு கண்டுபிடிச்ச. இந்த ஆய்வுப் பேப்பர் எழுதினவங்க மட்டும் உனக்கு என்ன சொந்தக்காரங்களா?"

கோபம் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. தொழிற்சாலையில் எனக்குச் சோறு போடுவதே சந்தேகம்தான். பொருள் அனுப்பும் கம்பெனி, "சோதித்தாகிவிட்டது, எல்லாம் நன்று" என்று தாள் அனுப்பினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். எத்தனை எடுத்துச் சோதித்தீர்கள், யார் பொறுக்கி எடுத்தது, எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேட்க எங்களிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. மறுநாள் அந்தப் பட்டியலை எடுத்துப் போய்க் கட்டுரைகளின் பக்கத்தில் வைத்தேன். மார்க்கரை டிராயருக்குள் போட்டுப் பென்சிலை எடுத்தேன். யாரைக் கேட்டார்கள்? எப்படிக் கேட்டார்கள்? கேட்டதைத் தாண்டி எவ்வளவு தூரம் பேசுகிறார்கள்? மதிப்புக்குரியவர்களில் பாதிப் பேர் என் முன் நெளிய ஆரம்பித்தார்கள்.

ருசி கண்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் கிழித்து எழுதி அனுப்பினேன். மறுபடியும் தே தாரேக் வந்தது.

"இப்ப யாருமே உருப்படியா ஒண்ணும் செய்யலன்னு எழுதியிருக்கீங்க. சப்ளையருக்கு அனுப்புற மெயில் மாதிரி இருக்கு அக்கா. அவங்க நிரூபிச்சது எது, அது எதுவரைக்கும் செல்லும்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க."

நிறுத்துவது எனக்குக் கஷ்டமான காரியம். ஆனாலும் பழகினேன். எதிர் எதிராகப் பேசிய இருவரையும் ஒரே பத்தியில் மோதவிட்டு, ஒருவர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார், மற்றவர் தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார், அதனால்தான் விடை மாறுகிறது என்று எழுதிய நாளில் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம், கடைசியாக ஒரு கட்டுரை பாக்கியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் டாக்டரே எழுதியது. அவர் எழுதிய முதல் கட்டுரை. இதில் என்ன குறை இருக்கப்போகிறது என்று பஸ்ஸில் நிம்மதியாகப் படித்துக்கொண்டே போனேன். நம் நாட்டின் வடபகுதித் தொழிற்சாலை ஒன்றில் பெரும்பாலான பெண்கள் தங்கள் லைன் லீடரிடம் எந்தக் குறையையும் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள் என்பது முடிவு. படிக்கவே சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர்களிடம் கொடுத்த படிவத்தை அச்சிட்டிருந்தார்கள். கேள்விகளுக்குப் பக்கத்தில் எண்கள் இல்லை. ஐந்து சின்ன முகங்கள், பெரிய சிரிப்பிலிருந்து அழுகை வரை.

அந்த முகங்களை எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை லைனில் கொடுத்தது நான்.

அப்போது நான் லைன் லீடர். மேலிடத்திலிருந்து படிவங்கள் ஒரு கட்டு வந்தது, நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள். யாருக்காக, எதற்காக என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்கள், "அக்கா, எதுல டிக் பண்றது?" என்று கேட்டார்கள். எனக்கு அன்றைய உற்பத்தி எண்ணிக்கை குறைகிறதே என்ற பதற்றம். "எல்லாத்துலயும் சிரிச்ச மூஞ்சில போட்டுட்டுப் போய் வேலையப் பாருங்க லா" என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். லைன் லீடருக்குப் பயப்படாமல் பேச முடிகிறதா என்ற கேள்விக்கு, லைன் லீடர் தலைக்கு மேல் நின்று வாங்கிய பதில்தான் அது. அதை நம்பி ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர்தான் இப்போது எனக்குத் தே தாரேக் வாங்கிக் கொடுக்கிறார்.

இரண்டு நாள் அந்தக் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். கணவரிடம் சொன்னபோது, மீன்காரனைப் பற்றி அவ்வளவு பேசியவர், "அந்த ஒண்ண மட்டும் விட்டுடேன்" என்றார். விட்டுவிடலாம். நாற்காலி வராமல் போன கதை எனக்கு மறக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாரையும் உரசிப் பார்த்துவிட்டு இவரை மட்டும் தாண்டிப் போனால் அந்த அத்தியாயமே பொய். படிவங்களை யார் வாங்கினார்கள் என்று கட்டுரை சொல்லவில்லை, அது முடிவைப் பாதித்திருக்கலாம் என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை.

"அது என் முதல் பேப்பர் அக்கா."

"தெரியும் டாக்டர்."

"யாரு வாங்கினாங்கன்னு போடலதான். மேனேஜ்மென்ட் மூலமாத்தான் எனக்கு வந்துச்சு. ஆனா பாதிச்சிருக்கும்னு எத வச்சு எழுதினீங்க?"

"பக்கத்துல நின்னு வாங்கினது நான்தான் டாக்டர். சிரிச்ச மூஞ்சில போடச் சொன்னதும் நான்தான்."

அவர் தம் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்து அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கைவைத்து, "பன்னெண்டு வருஷமா இத கிளாஸ்ல வேற சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேனே" என்றார். அழப் போகிறாரோ என்று பயந்தேன். ஆனால் அவர் என் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். "சரி, அந்த வரி இருக்கட்டும். நீங்க நின்னதையும் எழுதணும். ஆனா நீங்க நிக்கலன்னா அவங்க வேற மாதிரி போட்டிருப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அது உங்க யூகம். யாரையாவது கேட்டுட்டு வாங்க."

தன் முதல் கட்டுரை விழுந்து கிடக்கும்போதும் ஆதாரம் கேட்கிற மனுஷி. அன்றுதான் நான் அவரை மனதார டாக்டர் என்று கூப்பிட்டேன்.

அந்த லைனில் இருந்தவர்களில் ஒருத்தி இன்னும் எங்களிடம் வேலை செய்கிறாள். தாசேக் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். கேன்டீனில் அவள் எதிரே தட்டோடு போய் உட்கார்ந்து, பெயர் போட மாட்டேன் என்று சொல்லி, படிவத்தைக் காட்டிக் கேட்டேன்.

"நீங்க நின்னீங்கல்ல, வேற எதுல போடுறது?" என்று சிரித்தாள்.

"நான் நிக்கலன்னா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு அழுகிற முகத்தைத் தொட்டாள். "அப்ப எனக்கு மூணு மாசம் அக்கா. நிக்க முடியல, தலை சுத்தும். உங்ககிட்ட சொன்னா லைன விட்டு எடுத்துடுவீங்கன்னு பயம். அஞ்சு மாசம் வரைக்கும் இறுக்கிக் கட்டிட்டு வந்தேன். அப்ப வயித்துல இருந்தவதான் என் பெரியவ."

தட்டைத் தள்ளி வைத்தேன். தினமும் எட்டு மணி நேரம் அவளுக்குப் பின்னால் நடந்தவள் நான். மின்சுற்றுப் பலகையில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பேர் வாங்கியவள். வெட்கமாக இருந்தது.

குழுவின் முன் நான் நடந்ததை அப்படியே சொன்னேன். நின்றது நான் என்பதையும், பெயர் சொல்லாமல் அவள் சொன்னதையும். ஒரு பேராசிரியர், இதுபோல் யாரும் விமர்சனம் செய்து தாம் பார்த்ததில்லை என்றார். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சிரித்தார். சின்னச் சின்னத் திருத்தங்களோடு தேறிவிட்டேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவளைத் தேடிப் போனேன்.

"பாஸா அக்கா?"

"பாஸ். அன்னிக்கு நடந்ததுக்கு என்ன மன்னிச்சிரும்மா."

"அட, அது போகட்டும் லா" என்று கையைக் கழுவ எழுந்தவள், நின்று திரும்பினாள். "ஆனா இப்பவும் நீங்க இந்தப் பக்கம் வந்தா லைன்ல உள்ள பிள்ளைங்க பேச்ச நிறுத்திடுதுங்க. அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.