வெள்ளையடித்த பாலம்

எங்கள் தீவில் சௌல்தாரி ஊரைத் தாண்டிப் போகிற சாலையில், நாலா என்று இங்கே சொல்லும் ஓர் ஓடையின் மேல் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. பஸ் ஒரு நாளைக்கு ஆறு தடவை அதைக் கடக்கும். அந்தக் கோடையில் எங்கள் பகுதியின் பாலங்களுக்கு மதிப்பெண் போடும் வேலை எனக்கு வந்தது. ஒரு பாலம் கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு, கெட்டால் யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று இரண்டு எண்கள் போட்டுப் பெருக்க வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பதற்கு மட்டும் மழைக்கு முன் பழுதுவேலை. மற்றவை ஒரு மழைக்காலம் பொறுத்திருக்க வேண்டும்.

இந்தப் பாலம் மூன்றாவதாக இருந்தது. பாலத்தைத் தாங்கும் கரைச்சுவரில் ஒரு விரிசல். அது எப்போதோ விட்டு அப்படியே நின்றுபோன விரிசலா, இன்னும் விரிகிறதா என்று தெரிந்தால்தான் முதல் எண்ணை உறுதியாகப் போட முடியும். அதற்காக விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, மூலையில் தேதியும் எழுதினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வாரம் ஒருமுறை, காலை 7.40க்குப் போய்ப் பார்த்து டைரியில் குறித்தேன். மூன்று வாரமும் ஒரே வார்த்தைதான்: முழுசு.

நான்காம் வாரம் போனால் பாலம் பளீரென்று வெள்ளையாக நின்றது. யாரோ பெரிய அதிகாரி அந்தப் பக்கம் வருகிறாராம். கண்ணாடியைக் காணோம். மதுரைப் பக்கத்துக் காண்டிராக்டர் சுண்ணாம்பு வாளியோடு சிரித்தார்.

"எப்படி மேடம், சுத்தமா, சாஃபா இருக்கா?"

"சுவர்ல ஒரு கண்ணாடி இருந்துச்சே?"

"அதுவா? கச்சடான்னு சுரண்டிப் போட்டுட்டோம்."

"எடுக்கும்போது உடைஞ்சிருந்துச்சா?"

"அரே மேடம், சுரண்டினா உடையத்தானே செய்யும்! முன்னாடியே உடைஞ்சிருந்துச்சா, நம்ம உடைச்சோமான்னு யார் பார்த்தா?"

அதுதான் எனக்கு வேண்டிய ஒரே விஷயம். திட்டவும் முடியவில்லை. தேதியை மணிமணியாக எழுதிய நான் 'தொடாதீர்கள்' என்று எழுதவில்லை.

பட்டியல் அனுப்ப இரண்டு வாரம் பாக்கி. பாலத்துக்கு இந்தப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் புலம்பினேன். அவர் சமோசாவைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள் போன் செய்தார்.

"மேடம், வெள்ளையடிச்ச சுவத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கீங்களே, நீங்கதானே?"

நான் போடவில்லை. நான் குடியிருக்கும் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். சுண்ணாம்பின் மேல், பழைய விரிசலின் அதே வளைவில், மயிரிழையாக ஒரு கோடு. காய்ந்த சுண்ணாம்பு தானாகவும் வெடிக்கும் என்பதால் புதுக் கண்ணாடி ஒட்டினேன். இந்தத் தடவை தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதிவைத்தேன். நான்காம் நாள் கண்ணாடி இரண்டாக நின்றது. அன்று மாலையே முதல் எண்ணைத் திருத்தினேன். பாலம் பட்டியலின் தலைக்கு ஏறியது. வேலை முடியும்வரை பஸ் இந்தக் கரையோடு நிற்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது.

உத்தரவு அமலான முதல் நாள் நான் அங்கே போகாமலே இருந்திருக்கலாம். அக்கரையிலிருந்து சந்தைக்குப் போகிறவர்கள் வெண்டைக்காய் மூட்டையும் வாழைத்தாருமாகப் பாலத்தில் நடந்து வந்தார்கள்.

"நல்லா இருந்த பாலத்தைக் கண்ணாடி ஒட்டிக் கெடுத்தது இந்தம்மாதான்" என்றார் ஒருவர்.

"அதனால என்ன, எனக்கு டீ ஓடுதுல்ல?" என்றார் அக்கா கடைக்குள்ளிருந்து.

இரண்டு கையிலும் பூசணிக்காயோடு வந்த பெரியம்மா ஒருவர் என் முன்னால் நின்று ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ்ஸை நிறுத்துனது நீதானே? அந்தக் கரையில இன்னும் மூணு கிடக்கு. வா."

போனேன். அன்றைய டைரிக் குறிப்பு இப்படி இருக்கிறது: பாலம், நீளம் பன்னிரண்டு மீட்டர், பூசணியோடு இருபத்து மூன்று காலடி நடை, மூன்று தடவை.