பாஸ் பண்ணிய பிள்ளைக்கு உதவி இல்லையாம்

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் மகள் இரண்டாம் வகுப்புப் படித்தபோது, எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்கு வராது. அதற்காகச் சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் வகுப்பில் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுப்பார். அந்த உதவி அடுத்த வருடமும் தேவையா என்று பார்த்து, பள்ளிக்கூடம் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

"பிள்ளையைச் சோதிச்சுப் பார்ப்பினமாம்" என்று நான் வீட்டில் சொன்னதுதான் தாமதம், கணவருக்குள் இருந்த யாழ்ப்பாணத்து டியூஷன் மாஸ்டர் எழும்பிவிட்டார். சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வகுப்புப் புத்தகத்தைத் தான் வாசித்து, அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். வேலைக்குப் போக முன்னும் அதுதான், வந்த பிறகும் அதுதான். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் பிள்ளை தடக்காமல் சொன்னபோது சந்தோஷமாகவும் இருந்தது.

பயப்படாமல் இருக்கட்டும் என்று அவளுக்குப் பழகிய அதே புத்தகத்தைத்தான் சோதனையில் கொடுத்தார்களாம். பிறகு எங்கள் மூவரையும் டெர்மின் தந்து, நாளும் நேரமும் குறித்துக் கூப்பிட்டார்கள். ஆசிரியைக்கு முகமெல்லாம் சிரிப்பு. நன்றாக வாசிக்கிறாள், ஆகவே அடுத்த வருடத் திட்டத்தில் தன்னுடைய உதவி தேவைப்படாது என்றார்.

கணவர் பூரித்துப்போய் நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "அப்ப இது நல்லதோ, கூடாதோ?" என்று கேட்டார்.

எனக்கும் விளங்கவில்லை. பாஸ் பண்ணினால் பறிப்பார்களா? பெயில் விட்டால்தான் கொடுப்பார்களா? இது என்ன கணக்கு என்று தலை சுற்றியது. உதவி போனால் மூன்றாம் வகுப்பில் பிள்ளை தனியே முழுசிக்கொண்டு இருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு வாசிக்க வராது என்று யாராவது சொல்ல வேண்டும். சொந்தக்காரர் யார் கேட்டாலும் "நல்லாப் படிக்கிறாள்" என்றே சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அதுவும் அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் என் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன்."

பிறகு ஆசிரியையிடம் ஜெர்மனில் சொன்னாள். தனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதாம். அப்பாவுக்கு வெட்கமாக இருக்கக் கூடாதென்றுதான் எல்லாவற்றையும் மனப்பாடமாக்கினாளாம்.