ஆரத்தித் தண்ணீரில் ஒரு வால்வு

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று மெட்ராஸ் டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லில் லாரிக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கும் ரப்பர் சீல் அடித்துக் கொடுக்கிற பட்டறை வைத்திருந்தேன். எண்ணெய் ஒழுகுகிறது, காற்று இறங்குகிறது என்று யார் வந்து நின்றாலும் சாயங்காலத்துக்குள் சரி செய்து அனுப்பிவிடுவேன். ஊர் ஒழுகலையெல்லாம் அடைக்கிறவன் வீட்டிலா இப்படி என்று மனசு கிடந்து குமைந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு தடவை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்கள். தொடையில் ரத்தக்குழாய்க்குள் ஒரு சின்னக் குழாயைச் செருகிவிட்டு, அதன் வழியாக நீளமான மெல்லிய குழாய்களை இதயம் வரைக்கும் விடுவார்கள். ஒன்றை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகும்வரை அந்தச் சின்னக் குழாயின் வாய் திறந்தே இருக்கும். ரத்தம் வெளியே வரும். டாக்டர் கட்டைவிரலால் பொத்திக்கொள்வார். அவளுக்கோ ஏற்கெனவே ரத்தம் குறைவு. முதல் டெஸ்ட் முடிந்து வெளியே கொண்டுவந்த துணியைப் பார்த்துவிட்டு நான் டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. "வெளிநாட்டுல வாயில வால்வு வச்ச குழாய் வருது. நமக்கு எப்பவாவதுதான் கிடைக்குது" என்றார்.

"என்னத்துல செய்யறாங்க?"

"ரப்பர்தான்."

"ரப்பருன்னா நான் செஞ்சு பார்க்கட்டுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் தொழிலை விசாரித்தார். கழுவிய பழைய நீளக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். "ஒரு சொட்டுகூட ஒழுகாம செஞ்சு கொண்டு வாங்க. நாங்க சோதிச்சுப் பார்க்கறோம். சரியா இருந்தா அடுத்த டெஸ்டுல இவங்களுக்கே போடலாம்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

லாரிக்குப் போடும் கருப்பு ரப்பர் உடம்புக்கு ஆகாது. கோயமுத்தூர் வியாபாரி ஒருவரிடம் சொல்லி சிலிக்கோன் ரப்பர் தருவித்தேன். அதில் சின்ன வட்டமாக அச்சடித்து, நடுவில் பிளேடால் ஒரு கீறல் போட்டேன். குழாய் உள்ளே போனால் கீறல் அதைக் கவ்வ வேண்டும், வெளியே வந்தால் மூடிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் உருண்டையான குழாய் கீறலில் நுழைந்தால் இரண்டு ஓரத்திலும் இடுக்கு விழுகிறது. கடைசியில் இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்படி வைத்தேன். ஒன்று விட்ட இடுக்கை மற்றொன்று அடைக்கும் என்பது என் கணக்கு.

ரத்தம் உடம்பில் எவ்வளவு வேகமாகத் தள்ளுமோ அவ்வளவு வேகம் தண்ணீருக்கும் வேண்டும். அதனால் பட்டறை விட்டத்தில் ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து டியூப் இறக்கி, நுனியில் வால்வை மாட்டி, அதில் குழாயைச் செருகி உருவுவேன். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொட்டுகிறதா என்று பார்ப்பாள். ஈர மேசையில் பச்சைத் தண்ணீர் சொட்டினால் கண்ணுக்குத் தெரியவில்லை. யோசனை அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்க, ஆரத்திக்குக் கரைக்கற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு ஊத்துனா செவப்பாத் தெரியுமுங்க."

"ஆரத்தி எடுக்கறதுக்கு இந்த ரப்பரு என்ன புது மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளையாட்டம் முறுக்கிக்கிட்டுத்தானுங்களே நிக்குது."

பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக மீதிச் சுண்ணாம்பு ஒரு சட்டியில் இருந்தது. அதிலிருந்து எடுத்துத் தினமும் அவளே கரைத்துத் தருவாள். நல்ல யோசனை என்று நானும் மெச்சிக்கொண்டேன். வெள்ளைத் துணியில் சிவப்புச் சொட்டு பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தது என்பதுதான் என் துக்கம். எப்படிச் செய்தாலும், கொஞ்ச நேரம் பிடித்து நின்றுவிட்டுப் பிறகு ஒரு சொட்டு விழும். கீறலை நீளமாக்கினேன், குட்டையாக்கினேன், ரப்பரைத் தடிமனாகவும் மெல்லிசாகவும் அடித்தேன். ஒழுகியதையெல்லாம் ஒரு டப்பாவில் வீசினேன். கோபத்தில் பிளேடைத் தூக்கி எறிந்த நாளும் உண்டு. அவள் அதைத் தேடி எடுத்து வந்து மேசைமேல் வைப்பாள்.

டெஸ்டுக்குச் சொன்ன நாள் வந்தது. வெறுங்கையோடு பஸ்ஸில் போய் ரயில் ஏறினோம்.

இரண்டாவது டெஸ்ட் இழுத்துக்கொண்டே போனது. மறுபடியும் கட்டைவிரல்தான். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அவளுக்குத் தேறவில்லை. உடம்பு தேறட்டும், ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்த டாக்டருக்கு வெரலு மரத்துப் போயிருக்கும், பாவம்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்குப் பக்கத்து வீட்டு அக்கா பட்டறையிலிருந்த அதே சட்டிச் சுண்ணாம்பில் ஆரத்தி கரைத்துச் சுற்றி வாசலில் ஊற்றினார். மறுநாள் காலை வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டினேன். ஊன்றிய கையில் என்னவோ நறநறவென்றது. காய்ந்த ஆரத்தித் தண்ணீர். மஞ்சள் படிந்த திட்டில் மணல்போலச் சுண்ணாம்புப் பொடி.

பட்டறைக்கு ஓடினேன். டப்பாவில் கிடந்த வால்வுகளில், கடைசியாகச் செய்தவற்றில் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். கீறலின் உதட்டில் பொடி ஒட்டியிருந்தது. அதுதான் உதடுகளைச் சேரவிடாமல் பிடித்திருக்கிறது. பாட்டிலையும் டியூபையும் கழுவி, வால்வைக் கழுவி மாட்டி, பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். குழாயைச் செருகி உருவினேன். காய்ந்த துணியை அடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி நனையவே இல்லை. நாங்கள் மெட்ராஸ் போவதற்கு முன்பே வால்வு தயாராகி, டப்பாவில் கிடந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் படுத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "நின்னுருச்சுங்களா?" என்றாள்.

நின்றுவிட்டது என்றால் எப்படி என்று கேட்பாள். சுண்ணாம்பு என்று சொல்ல வேண்டும். கரைத்தது அவள் கை.

"இல்ல அம்மிணி. இன்னும் ஒழுகுது" என்றேன்.

"ஒழுகுனா ஒழுகட்டும். அடுத்த வாட்டிக்குள்ள செஞ்சுபோடுவீங்க. மஞ்சத்தண்ணி தீந்துபோச்சுங்களா? நான் கரைச்சுத் தாரேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து கரைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். நான் அதை வாங்கி ஊற்றினேன். கொஞ்ச நேரம் பிடித்து நின்றுவிட்டு, துணியில் ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "பரவால்லீங்க, முன்னைக்கு இப்பக் கொறச்சல்தான்" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். காரியம் முடிந்து மெட்ராஸ் போனபோது, இதயம்தான் காரணம், போன ரத்தம் அல்ல என்று டாக்டர் சொன்னார். உண்மையைச் சொன்னாரா, இரக்கப்பட்டுச் சொன்னாரா, தெரியாது. கழுவி எடுத்துப்போன அந்த வால்வை அவரிடம் கொடுத்தேன். அங்கேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. "இதை எப்ப செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"அவ போனப்புறம்தானுங்க" என்றேன்.